ஒன்று‘தான்’

ட்ரோம்சோவில் ஜனவரி. காலை பத்தரை.
ஜன்னலில் இன்னும் இரவு.
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார்
ஓட்வார் ஸ்க்யெல்பிரெட்.
நாற்பது வருடம் ஹெரிங் படகில் இருந்தவர்.
மருந்து ஏறுமுன் திரையைக் காட்டிக் கேட்டார்:
“இது எங்கள் எக்கோ பெட்டிதானே?
மீன் என்றால் மேகம்போல வரும்.
பாறை என்றால் விளிம்பு
கத்தியால் வெட்டியது மாதிரி...”
பாதி வாக்கியத்தில் உறங்கிப்போனார்.

விடியற்காலைப் பட்டினியில்
இரண்டு முறை படகுத் தளத்தில் விழுந்திருக்கிறார்.
குடித்திருக்கிறான் என்று நினைத்தான் கேப்டன்.
அன்றிலிருந்து சட்டைப்பையில் சர்க்கரைக் கட்டி.
வயிற்றுக்குள் இருந்த கட்டியை
வாயில் போட்ட கட்டியால்
ஆறு வருடம் ஏய்த்திருக்கிறார்.

சி.டி. ஸ்கேன் சொன்னது:
கணையத்தின் நடுவில் ஒன்று,
பதின்மூன்று மில்லிமீட்டர்.
வியாழன் எட்டு மணிக்கு அறுவை.
ஒன்றுதான் என்றால்
தோண்டி எடுத்துத் தைத்து
வீட்டுக்கு அனுப்பிவிடலாம்;
வழிதவறி வந்த விருந்தாளி, அவ்வளவே.
அந்தத் ‘தான்’ உண்மையா என்று பார்ப்பது
என் வேலை.

படிவத்தில் ஒரு கேள்வி:
குடும்பத்தில் வேறு யாருக்காவது?
வார்டேயில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர்
அதன்மேல் கோடு இழுத்திருந்தார்.
பேனா தாளைக் கிழித்திருந்தது.

குழாய் இறங்குகிறது.
அதன் நுனியில் விரல்நகம் அளவு ஒலி.
இரைப்பைச் சுவருக்கு மறுபுறம் கணையம்,
சுவரொட்டிய பக்கத்து வீடு.
இங்கே காதை வைத்தால் அங்கே கேட்கும்.
மண்ணீரல் சிரை ஒரு கறுத்த வாய்க்கால்;
அதன் கரையோடு போனால் வழி தப்பாது.
ரவை தூவிய தட்டுபோலத் திசு.
ரவையில் ஒரு கறுப்பு மொச்சை:
எதிர்பார்த்தது. அளந்தேன்.

இங்கேயே நிறுத்துகிறவர்கள் உண்டு.
நானும் நிறுத்தியிருக்கிறேன், ஒருமுறை,
வேறொரு பெண்ணுக்கு, வெள்ளிக்கிழமை மாலை.

தலைப்பக்கம் போனேன்.
ஐந்து மில்லிமீட்டர், உளுந்து அளவு.
நிணநீர்க் கணுவாக இருக்கட்டும் என்று
குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும்
கணையத்துக்குள்ளேயே இருந்தது.
“இரண்டு” என்று எழுதினாள் ரண்வைக்.
வால்பக்கம், மண்ணீரலை ஒட்டி,
சி.டி.யின் கண்ணில் படாத ஒரு கடுகு.
எழுதுவதற்குமுன் அவள் என்னைப் பார்த்தாள்.

பிறகுதான் பழைய கோப்பின் ஒன்பதாம் பக்கம்
நினைவுக்கு வந்தது:
சிறுநீரகக் கல், இரண்டு முறை.
கால்சியம் சற்றே அதிகம்.
நிறையத் தண்ணீர் குடிக்கவும்.

ஒன்று, வந்தால் வந்தது.
மூன்று பேர் ஒரே வீட்டுக்கு
முகவரி கேட்காமல் வருவதில்லை.
ஒலி சாட்சி சொல்லும்; தீர்ப்பு சொல்லாது.
தீர்ப்புக்காக ஒரு குழாய் ரத்தம்
மதிய விமானத்தில் ஓஸ்லோ போகும்.
வியாழக்கிழமையை ரத்து செய்தேன்.

விழித்ததும் ஆப்பிள் சாறு குடித்தார்.
சொன்னேன்: மூன்று இருக்கின்றன,
பெரும்பாலும் பரம்பரையாக வந்தவை.
இன்னும் எத்தனை நாள் என்று கேட்பார் என
அதற்குத்தான் பதில் வைத்திருந்தேன்.
“அப்பாவா, அம்மாவா?” என்றார்.
“தெரியாது. இருவரில் ஒருவர்.”
பத்தில் ஒருவருக்கு
யாரிடமிருந்தும் இல்லாமலே தொடங்கும் என்பதைச்
சொல்லவில்லை. நாளை சொல்வேன்.

அறுபது வயதில், மருத்துவமனை அங்கியில்,
முதல்முறையாக உறவினர் கிடைத்தவர்போல
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.
பிறகு அந்த முகம் மெதுவாக மாறியது.
பரம்பரை பின்னால் மட்டும் போவதில்லை
என்று கணக்குப் போட்டுவிட்டார்.

“சுன்னிவா காலையில் சாப்பிடவே மாட்டாள்”
என்று போனைத் தேடினார்.
போடோவில் நீச்சல் சொல்லித்தருகிறவள். இருபத்தொன்பது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.
ஜன்னலில், தெற்கு மலைக்குப் பின்னால்,
அந்த அரைமணி நேர நீலம்.
“தண்ணீருக்குள் இருப்பாள்” என்றார்,
போனைக் காதிலிருந்து எடுக்காமல்.